மரத்துக்கு மரம் கயிற்றில் போவதற்கு முன்

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு லண்டன் வருகிற தங்கைகள் எல்லாரும் விமானம் ஏறுவதற்கு முன்பே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போறது?" ராட்சத ராட்டினம், மெழுகுச் சிலைகள், அரண்மனை வாசல் எல்லாம் உன் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். அதற்கு அக்கா தேவையில்லை. நான் சொல்வது, ஒரு நாளை மரங்களுக்கு ஒதுக்கு என்று.

இந்த நாட்டில் 'கோ ஏப்' என்ற பெயரில் கயிற்றுப் பாலப் பூங்காக்கள் 30 இடங்களுக்கு மேல் இருக்கின்றன. மரத்தின் மேல் மேடை, அடுத்த மரத்துக்குப் போகக் கயிறும் கம்பியும் பலகையும் கலந்த ஏதோ ஒரு பாலம், வலை, ஊஞ்சல், கடைசியில் ஜிப்லைன் என்ற சாய்ந்த கம்பியில் சறுக்கித் தரைக்கு வருவது. டிரிஸ்ட்ரம், ரெபெக்கா மேஹியூ என்ற தம்பதி பிரான்சில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, 2002-ல் தெட்ஃபர்ட் காட்டில் முதல் பூங்காவைத் திறந்தார்கள். அந்தக் காட்டுக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரில் இந்த நாட்டின் மரவளம் கரைந்துபோனது. 1919-ல் வனத்துறை ஆணையம் அமைத்து, 1920-களில் அங்கே பைன் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். வெட்டிப் பயன்படுத்த நட்ட மரங்களுக்கு நடுவில்தான் இன்று பிள்ளைகள் தொங்கிப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போ. மரத்தைப் பார்க்கும் பார்வையே மாறும்.

லண்டனில் தங்குபவளுக்குத் தெட்ஃபர்ட் தூரம். அவளுக்கு டிரெண்ட் பார்க்கில் ஒன்று இருக்கிறது. பிக்கடில்லி ரயில் பாதையின் கடைசி நிலையமான காக்ஃபாஸ்டர்ஸில் இறங்கினால் பக்கம். நகருக்குள்ளேயே வேண்டும் என்றால் பேட்டர்சீ பார்க். கார் இருக்கிறவர்கள் ஸ்லவ் அருகே பிளாக் பார்க் போகலாம். என் விருப்பம் அதுதான். ஏரி உண்டு, உண்மையான காட்டின் நிழல் உண்டு. வனப் பூங்காக்கள் பலவற்றில் கார் நிறுத்தக் கட்டணம் தனி, அதை டிக்கெட்டோடு சேர்த்து நினைத்துக்கொள்ளாதே. ஸ்காட்லாந்து வரை போகிறாய் என்றால் ஏபர்ஃபாயில். அங்குள்ள ஜிப்லைன் 400 மீட்டருக்கு மேல் நீளம். அது முதல் முறை போகிறவர்களுக்கு அல்ல.

டிக்கெட் போடும்போது வயதை மட்டும் பார்க்காதே, உயரம்தான் முக்கியம். பெரியவர்களுக்கான உயரப் பாதைக்குக் குறைந்தது 10 வயது, 1.4 மீட்டர் உயரம் வேண்டும். எடை 130 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சின்னவர்களுக்கான பாதைக்கு 1 மீட்டர் உயரம் போதும். இந்த உயரக் கணக்கு ஏன் என்றால், மேலே இருக்கும் பாதுகாப்புக் கம்பியைப் பிள்ளையின் கை எட்ட வேண்டும். எட்டாத பிள்ளைக்குக் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு இருந்தாலும் தன்னைக் கம்பியோடு பிணைக்கும் கொக்கியைத் தானே மாற்ற முடியாது. ஆகவே நுழைவிடத்தில் "ரெண்டு சென்டிமீட்டர்தானே" என்று கெஞ்சாதே. பெரிய பாதையில் 16 வயதுக்குக் கீழான பிள்ளைகள் என்றால், கூடவே ஏறுகிற பெரியவர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள்தான் கணக்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால் மாமாவோ சித்தியோ ஒருவர் கூட ஏற வேண்டும். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், பணம் கட்டும் முன் அந்த இடத்தின் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடு. கர்ப்பமாக இருப்பவள் ஏறக் கூடாது. மூன்றாம் மாதமா ஐந்தாம் மாதமா என்ற பேச்சே வேண்டாம். கீழே நடைபாதையில் கூடவே நடந்து வந்து பார்க்கலாம், மாமியார் மாமனாருக்கும் அது நல்ல பொழுது.

இனி உடை. இதில் நம் பெண்களுக்கென்று தனியாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் தலைமுடி. ஜிப்லைனில் உன் முகத்துக்கு நேர் மேலே ஒரு கப்பி, கம்பியின் மீது வேகமாக உருண்டு ஓடும். நீளமான பின்னல் காற்றில் எழும்பி அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பின்னலாக இறுக்கிப் போட்டு, நுனியை டி-ஷர்ட்டின் கழுத்துக்குள் விட்டுவிடு. உச்சிக் கொண்டை வேண்டாம், தலைக்கவசம் கொடுக்கும் இடமாக இருந்தால் அது சரியாக உட்காராது. பூ, கிளிப், ஊசி எதுவும் வேண்டாம். துப்பட்டாவைக் கைப்பையில்கூட எடுத்து வராதே, குளிருகிறதே என்று கழுத்தில் சுற்றத் தோன்றும்.

நகையில் மோதிரம்தான் எனக்குப் பெரிய கவலை. கம்பியிலோ ஆணியிலோ மோதிரம் மாட்டி, உடம்பு எடையோடு கீழே இறங்கினால் விரல் தோலையே உரித்துவிடும். ஆகவே கல்யாண மோதிரம் ஆனாலும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடு. கண்ணாடி வளையல், தொங்கட்டான், ஜிமிக்கி வேண்டாம். மூக்குத்தியும் சின்னத் தோடும் இருக்கலாம், மெட்டி ஷூவுக்குள் இருக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் பலர், அது எனக்குப் புரியும். அவர்கள் அதை உள்சட்டைக்குள் விட்டு, மேலே கழுத்து மூடிய டி-ஷர்ட் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஹார்னஸ் என்ற பாதுகாப்புக் கச்சையின் பட்டைக்கு அடியில் அது வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் இறுக்கிப் பிடிக்கும். குட்டை டவுசர் போட்டால் தொடை உராயும், குட்டைச் சட்டை போட்டால் இடுப்புத் தோல் சிவந்துபோகும். லெக்கின்ஸ் அல்லது டிராக் பேன்ட், இடுப்புக்குக் கீழே இறங்கும் டி-ஷர்ட், மேலே லேசான ஜாக்கெட். அது போதும். மே மாதத்தில்கூட இங்கே காலையில் குளிரும், பாதி வழியில் வியர்க்கும். காலுக்கு லேஸ் கட்டிய ஷூ. செருப்பு, குரோக்ஸ் எல்லாம் நடுவழியில் கீழே விழும், கீழே ஆட்கள் நடக்கிறார்கள். கையுறை அங்கேயே விற்கிறார்கள். ஆனால் உள்ளங்கைப் பிடி உள்ள தோட்ட வேலைக் கையுறையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனால் செலவு குறையும். கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பின்பக்கம் கட்டும் கயிறு. ஜிப் வைத்த பாக்கெட் இல்லை என்றால் போனைக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிடு.

காலையில் இரண்டு இட்லியோ ரொட்டியோ போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஹார்னஸ் கட்டினால் குமட்டும். ஹார்னஸ் போடுவதற்கு முன் எல்லாரையும் கழிவறைக்கு அனுப்பு, மேலே அந்த வசதி கிடையாது, பெரிய பாதை 2 முதல் 3 மணி நேரம் எடுக்கும். தயிர்சாதமும் ஊறுகாயும் டப்பாவில் போட்டுக் காரில் வைத்திரு, இறங்கி வந்ததும் அது தேவாமிர்தமாக இருக்கும். மழைக்குப் பயந்து ரத்து செய்யாதே. தூறலிலும் நடத்துவார்கள், நனைந்த காட்டின் வாசனையே தனி. இடியும் பலத்த காற்றும் வந்தால் அவர்களே மூடிவிடுவார்கள்.

இப்போது இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை வாசி. முதலில் அரை மணி நேரம் போலப் பயிற்சியாளர் தரையை ஒட்டிய கம்பியில் சொல்லித் தருவார். அவர் பேசும் வேகமும் உச்சரிப்பும் புரியாவிட்டால், தலையாட்டிவிட்டுப் போகாதே, இன்னொரு முறை கேள். உன் ஹார்னஸிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் பூட்டுள்ள கொக்கி. பல இடங்களில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பாலத்தில் நடக்கும்போது இரண்டும் கம்பியில் இருக்கும். ஆபத்து பாலத்தில் இல்லை. பாலம் முடிந்து, மேடையில் நின்று, 'அப்பாடா' என்று மூச்சு விட்டு, அடுத்த கம்பிக்குக் கொக்கியை மாற்றுகிறாயே, அங்கேதான்.

ஒரு கொக்கியை மட்டும் எடு. அடுத்த கம்பியில் மாட்டு. பூட்டு மூடிக்கொள்ளும் 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்துப் பார். அதற்குப் பிறகுதான் இரண்டாவதில் கை வைக்க வேண்டும். ஒரு நொடிகூட இரண்டும் உன் கையில் இருக்கக் கூடாது. ஒன்று திறந்தால் மற்றது தானே பூட்டிக்கொள்ளும் புதுவகைக் கொக்கிகள் இப்போது பல பூங்காக்களில் வந்துவிட்டன. இருந்தாலும் பழக்கம் உன்னுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்ல வை: "சிவப்பு மாட்டியாச்சு, இழுத்தாச்சு, இப்ப நீலம்." முதல் இரண்டு மரத்தில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். நாலாவது மரத்துக்கு மேல் கை பழகிவிடும், பேச்சும் சிரிப்பும் கூடும். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டே மாட்டத் தோன்றும் அந்த நேரத்தில்தான் நீ அம்மாவாக இருந்து அதட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் உன்னோடு என்றால், விவரமானதை முன்னால் விட்டு நீ நடுவில் போ. முன்னதன் கொக்கியும் பின்னதன் கொக்கியும் உன் கண்ணில் படும். பாலத்தில் ஒரு நேரத்தில் ஒருவர், மேடையில் மூன்று பேருக்கு மேல் இல்லை.

பாலங்களில் ஒரே ஒரு சூட்சுமம்தான். கையை நம்பாதே, காலை நம்பு. பயத்தில் கம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குப் பாதி வழியிலேயே முன்கை கல்லாகிவிடும். ஆடும் பலகையின் நடுவில் பாதத்தை வை, சின்னச் சின்ன அடி, பார்வை அடுத்த மரத்தின் மேல். கை வலித்தால் ஹார்னஸில் உட்கார்ந்து ஓய்வெடு. இதைத் தரையருகே பயிற்சியின்போதே செய்து பார்த்துவிடு. தன் முழு எடையையும் அந்தக் கயிறு தாங்குகிறது என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். கால் வழுக்கினால் கொஞ்சம் இறங்கித் தொங்குவாய், அவ்வளவுதான். கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு வரலாம், முடியாவிட்டால் சத்தம் போட்டுக் கூப்பிடு, ஏறி வந்து உதவுவார்கள். இடையிடையே ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருக்கும், ஒன்று சுலபம், ஒன்று கடினம். சுலபமானதில் போவது குறைவு அல்ல.

ஜிப்லைனில் கப்பிக்கு முன்னால் கம்பியில் விரலைக் கொண்டுபோகவே கூடாது. கை கயிற்றில் மட்டும். பெரும்பாலும் மரச் சில்லுகள் கொட்டிய மேட்டில் போய் இறங்குவாய். கடைசியில் காலை முன்னால் தூக்கி, தரை பட்டதும் ஓடத் தயாராக இரு. முதுகுப் பக்கமாகத் திரும்பி வந்து உட்காருபவர்களும் உண்டு, பேன்ட்டுக்குள் சில்லு போகும், வேறொன்றும் ஆகாது. எடை கூடியவர்களைக் காற்று அவ்வளவாகத் தடுக்காது, வேகமாக வருவார்கள். ஒல்லிப் பிள்ளை இறங்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, கம்பி தாழ்ந்த இடத்துக்குப் பின்னோக்கி உருண்டுவிடலாம். அப்படி ஆகும் என்று முன்பே சொல்லிவை, இல்லாவிட்டால் நடுவானில் நின்றதும் பயந்துபோகும். கப்பி முழுக்க நின்ற பிறகு, கம்பியைக் கைமாற்றிப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். இறங்கியதும் உடனே ஒதுங்கு, பின்னால் ஒருவர் வருகிறார்.

பிள்ளை மேலே போய் நின்று "அம்மா, என்னால முடியாது" என்று சொல்லும். சொல்லாத பிள்ளை குறைவு. அந்த நேரத்தில் "பயந்தாங்கொள்ளி", "பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டான் பார்", "இவ்வளவு காசு கட்டியிருக்கோம்" இந்த மூன்றையும் சொல்லக் கூடாது. நான் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த உயரத்தில் வயிறு கலங்குவது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. மேடையின் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பின்னால் வருபவர்கள் காத்திருப்பார்கள், இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பத்து முறை மூச்சு விடட்டும். "கொக்கி ரெண்டும் மாட்டியிருக்கா? இழுத்துப் பாரு" என்று வேலை கொடு. கைக்கு வேலை வந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். பிறகும் முடியாது என்றால் இறங்கட்டும். பாதை பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வந்துதான் முடியும். முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்ட பிள்ளையும் மரம் ஏறிய பிள்ளைதான். கயிற்றில் ஆடி எதிர் வலைக்குத் தாவும் டார்சான் ஊஞ்சலில் மட்டும், தள்ளிவிடுவது அறவே கூடாது. மேடை விளிம்பிலிருந்து தானாகவே அடி வைத்தால்தான் எதிரே உள்ள வலையைப் பிடிக்கக் கை தயாராக இருக்கும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிறவளுக்கும் இதே பாடம்தான். அங்கேயும், உதாரணமாக மலேசியாவின் ஷா ஆலம் தாவரவியல் பூங்காவில், இப்படிப்பட்ட பாதைகள் உண்டு. புழுக்கத்தில் கை வழுக்கும், ஆகவே கையுறை கட்டாயம். பிற்பகலில் இடிமழை வரும், காலை நேரத்துக்கே பதிவு செய்.

மறுநாள் தோளும் முன்கையும் நன்றாக வலிக்கும், அன்றைக்கு ஊர் சுற்றும் திட்டம் வைக்காதே. பள்ளி விடுமுறை வாரங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முடிந்தவரை வார நாளில் போ. எல்லாவற்றுக்கும் முதல் வேலை, இன்றைக்கே பிள்ளைகளைச் சுவரோரம் ஷூ இல்லாமல் நிறுத்தி அளந்துவிடு. 1.4 மீட்டருக்கு ஒரு விரல் குறைந்தாலும் சின்னவர்கள் பாதைக்கே டிக்கெட் போடு.