மேக்னடைட்: மலையிலும் பீக்கரிலும்



பாலாற்று மணலில் காந்தத்தை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம் போதும். ஒரு நிமிடத்தில் விளிம்பெல்லாம் கறுப்பு மீசை முளைத்துவிடும். சின்ன வயதில் அதை இரும்புத் தூள் என்று நம்பி, தீப்பெட்டியில் சேர்த்து வைத்தவன் நான். வெறும் இரும்பாக இருந்தால் ஆற்று ஈரத்தில் என்றைக்கோ துருப்பிடித்துப் போயிருக்கும். அது மேக்னடைட் என்ற தாது.

மூன்று இரும்பு அணு, நான்கு ஆக்ஸிஜன் அணு. எடையில் 72.4 சதவீதம் இரும்பு. மூன்று இரும்பில் இரண்டு பெர்ரிக், ஒன்று மட்டும் பெர்ரஸ். அந்த ஒன்றில்தான் விஷயமே இருக்கிறது. ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தால் அதுவும் பெர்ரிக் ஆகிவிடும், மேக்னடைட் கிடைக்காது. ஆக்ஸிஜன் அளவோடு இருக்கும் இடத்தில்தான் இது பிறக்கிறது.

சேலம் கஞ்சமலையும், திருவண்ணாமலை பக்கத்துக் கவுத்திமலை, வேடியப்பன் மலையும் இதற்குச் சாட்சி. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலிலும் காற்றிலும் ஆக்ஸிஜன் மிகமிகக் குறைவு. கடல் நீரில் கரைந்திருந்த இரும்பு, சிலிக்காவோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிந்தது. பின்பு பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மேக்னடைட் குவார்ட்சைட் பாறையானது. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்து உருக்கியது சேலத்து இரும்புத் தாதுவைத்தான். ஆக்ஸிஜன் குறைந்த சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள்கூட தம் உடலுக்குள் மேக்னடைட் மணிகளைக் கட்டிக்கொள்கின்றன. 1975-ல் பிளேக்மோர் என்பவர் இத்தகைய பாக்டீரியாக்களைப் பற்றி அறிவித்தார். திசைகாட்டி வைத்துக்கொண்டு நீந்தும் கிருமி!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: டேனரி பாய்லர் குழாயின் உட்புறம் படியும் மெல்லிய கறுப்புத் தோலும் இதேதான். சூடான இரும்பு, நீரிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடுகிறது. அந்தத் தோல் இருக்கும் வரை குழாய்க்குப் பாதுகாப்பு.

இனி லேப். பெர்ரிக் இரண்டு பங்கு, பெர்ரஸ் ஒரு பங்கு. எடைக் கணக்கில், படிக நீருள்ள பெர்ரிக் குளோரைடு 5.4 கிராம், பெர்ரஸ் சல்பேட் 2.78 கிராம். இரண்டையும் தண்ணீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏறக்குறைய 2.3 கிராம் மேக்னடைட் வர வேண்டும்.

எங்கள் பேட்சுக்கு முதல் தடவை வந்தது செங்கல் நிறக் குழம்பு! காந்தத்தை அடியில் வைத்தோம், அசையவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பெர்ரஸ் சல்பேட்டை முதல்நாளே கரைத்து மூடாமல் வைத்திருந்தோம். ராத்திரி முழுக்கக் காற்று பட்டு, பெர்ரஸில் பெரும்பகுதி பெர்ரிக் ஆகிவிட்டது. மறுமுறை தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அப்போதுதான் கரைத்தோம். அம்மோனியா விழ விழ, பழுப்பாக இருந்தது சட்டென்று மைக்கறுப்பாக மாறியது. பீக்கருக்கடியில் காந்தம் வைத்ததும் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, எல்லோரும் கைதட்டினோம். கஞ்சமலைக்குத் தேவைப்பட்ட அதே நிபந்தனை, 250 மில்லி பீக்கருக்கும்!

இந்தப் பெர்ரஸுக்கு நம்ம ஊரில் வேறொரு வேலையும் இருக்கிறது. தோல் பதனிட நாம் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் குரோமியம். நஞ்சு, புற்றுநோய்க் காரணி என்பதெல்லாம் ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு சுமார் 2 லட்சம் டன். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தது. மேக்னடைட்டின் பெர்ரஸ், தன் எலக்ட்ரானைக் கொடுத்து ஆறை மூன்றாக்கும். மூன்று பெர்ரஸ் சேர்ந்தால் ஒரு குரோமியத்தை மாற்றலாம். வேலை முடிந்ததும் பொடியைக் காந்தத்தாலேயே எடுத்துவிடலாம்.

நீர்த்த பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் துளி அமிலம் சேர்த்து, எங்கள் பொடியைப் போட்டுக் குலுக்கினோம். மஞ்சள் வெளுத்தது, முழுக்கப் போகவில்லை. பொடியின் மேற்பரப்புப் பெர்ரஸ் தீர்ந்ததும், அங்கே பெர்ரிக் தோல் மூடிக்கொள்கிறது. உள்ளே பெர்ரஸ் மிச்சமிருந்தும் வெளியே வர வழியில்லை. பொடி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மேற்பரப்பு, அவ்வளவு வேலை. அதனால்தான் ஆற்று மணல் மேக்னடைட்டைவிட பீக்கர் மேக்னடைட் இதற்கு ஏற்றது. அம்மோனியாவை விடும் வேகத்தையும் கரைசலின் சூட்டையும் மாற்றினால் மணியின் அளவு மாறும். நாங்கள் ஒரே வேகத்தில்தான் பார்த்தோம். மிச்சத்தை ஜூனியர் நண்பர்கள் செய்து பார்க்கலாம். தண்ணீரைக் கொதிக்கவைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.