உடலின் எரிபொருள் கணக்கு

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சைக்கிளில் ஒரு முறை போய் வந்தாலே மறுநாள் தொடை வலிக்கும். போய், வந்து, மறுபடியும் போய், திரும்பும் வழியில் ராசிபுரத்தையும் தொட்டுவிட்டால் சுமார் 180 கிலோமீட்டர் ஆகும். நாம் பேசப்போகும் போட்டியில் இது நடுப்பகுதி மட்டுமே! அதற்கு முன் 3.8 கி.மீ. நீந்தியிருக்க வேண்டும்; பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு 42.2 கி.மீ. ஓட வேண்டும். 'அயர்ன்மேன்' என்னும் இந்த நெடுந்தூர டிரையத்லான் 1978-ல் ஹவாயில் தொடங்கியது. முதல் போட்டியில் புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்.

2015 ஜூலையில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன் இதை 15 மணி 19 நிமிடங்களில் முடித்தார். அவர் இதைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஐம்பது வயது நிறையச் சில மாதங்களே இருந்தன. அத்தனை மணி நேரம் உடலை ஓட்ட எரிபொருள் எங்கிருந்து வருகிறது? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்குச் சுமார் 600 கிலோகலோரி செலவு என்று வைத்துக்கொள்வோம். 15 மணிக்கு 9,000. ஆளின் எடையையும் வேகத்தையும் பொறுத்து இது மாறும்.

நாமக்கல் லாரிக்கு ஒரே வகை எரிபொருள் போதும். நம் உடலிலோ இரண்டு வகைச் சேமிப்பு. ஒன்று கிளைகோஜன் என்னும் விலங்கு மாவுச்சத்து. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000 தான். மற்றொன்று கொழுப்பு. கிராமுக்கு 9 கிலோகலோரி. ஒல்லியான ஆளிடமும் கிலோக் கணக்கில் இருக்கும். ஆனால் அது மெதுவாகவே ஆற்றல் தரும். கொழுப்பை மட்டும் நம்பி ஓடினால் ஓட்டம் நடையாகிவிடும்.

ஆகவே வழியில் உண்டே தீரவேண்டும். நீந்தும்போது உண்ண இயலாது. மீதி 13 மணியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உண்டால் 3,120 கிலோகலோரி கிடைக்கும். சேமிப்பையும் சேர்த்து 5,120. எஞ்சிய 3,880-ஐ ஈடுசெய்யச் சுமார் 430 கிராம் கொழுப்பு போதும். வியப்பாக இல்லையா?

அது சரி, 200 கிராம் உண்டால் என்ன? உண்ணலாம், ஆனால் குடல் ஏற்காது. மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் சேரக் குடற்சுவரில் ஒரு வாசல் உண்டு. அதில் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம்தான் நுழையும். மிச்சம் வயிற்றிலே நின்று குமட்டும். ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரைக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து உண்டால் பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும். சேலம், நாமக்கல் வயல்களின் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசியைக் கஞ்சியாக்கி வெல்லமிட்டால், இரு வாசலுக்கும் ஆள் அனுப்பியதாகும்! (ஆறிய கஞ்சியில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கருநீலமாகும். கிளைகோஜனானால் செம்பழுப்பு நிறம் வரும். சோதித்த கஞ்சியைக் குடித்துவிடாதீர்கள்.)

கணக்குத் தவறினால்? மூளைக்கெனத் தனிச் சேமிப்பு கிடையாது. கல்லீரலின் அந்த 100 கிராமே இரத்தச் சர்க்கரையைக் காக்கிறது. அது குறைந்தால் தலை சுற்றும், கால் துவளும். நீரிழப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். 1982 பிப்ரவரியில் ஹவாயில் ஓடிய ஜூலி மாஸ் ஒரு கல்லூரி மாணவி. உடலியல் ஆய்வுக்காகவே போட்டியில் சேர்ந்தவர். பெண்களில் முதலாவதாக வந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் சரிந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். வேறொரு பெண் அவரைக் கடந்து சென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இடைவெளி 29 விநாடிகள்.

நம் சமவெளியின் சித்திரை வெயிலில் இப்படி ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கலாம். ஒவ்வொரு லிட்டரோடும் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் வெளியேறும். அப்போது வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கும்; உயிருக்கே ஆபத்து. உப்பிட்ட நீர்மோர் மேல். இன்னொரு செய்தி: குளுக்கோஸின் வாசல் சோடியம் உடன் வந்தால்தான் திறக்கும், இரண்டும் நுழையும்போது நீரும் பின்தொடரும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பதும் இதே வாசலை நம்பித்தான்.