முதலில் பிரேக், அப்புறம்தான் பெரிய டயர்

எங்கள் பக்கத்தில் ஜீப் இல்லாமல் தோட்டம் இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி என்று கீழ்ப்பழனி மலையில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், காபி மூட்டையும் மிளகும் மலைவாழைத் தாரும் மண்பாதையில் வந்துதான் தார்ச்சாலையைத் தொட வேண்டும். பதினெட்டு வயது முடிந்து எனக்கு லைசென்ஸ் வந்ததும் அப்பா பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கினார். “ஓட்டுறது மட்டும் உன் வேலை இல்லம்மா, வண்டியப் பாத்துக்கிறதும் நீதான்” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். இப்போது எனக்கு வயது பத்தொன்பது. இந்த வண்டிக்குக் கீழே படுத்துக் கற்றுக்கொண்டதை, முதல் ஆஃப்ரோடு வண்டி வாங்க ஆசைப்படும் என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

ஜிப்ஸி என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன சைஸ் டயர் போடப் போற?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வண்டியைப் பற்றி

1985-ல் வந்த ஜிப்ஸி, சுஸூகியின் எஸ்.ஜே.410 என்ற சின்ன ஜீப்பை அடிப்படையாகக் கொண்டது. முதலில் 970 சி.சி. இன்ஜின், 45 குதிரைத்திறன். 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ‘கிங்’ வந்தது. 2000-ல் கிங்குக்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்தது, 80 குதிரைத்திறன். 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுவிட்டது. எங்களுடையது கிங். கனமான சேசிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், 4 லோ கியர் என்று எல்லாம் இருந்தும் எடை ஒரு டன்னை ஒட்டியதுதான். சேற்றில் இந்தக் குறைந்த எடைதான் அதன் பெரிய பலம். எதையாவது மாட்டிக்கொண்டே போனால் அந்தப் பலம் குறையும். எந்த மாற்றத்தைப் பற்றி யோசித்தாலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

வாங்கும்போது அடியில் பாருங்கள்

பெயின்ட் பளபளப்பு எதையும் சொல்லாது. பழைய ஜிப்ஸியின் முதல் எதிரி துரு. வத்தலக்குண்டில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், விலை பேசுவதற்கு முன்பே ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் போனார். சேசிஸ் நெடுக, முக்கியமாகப் பின் பட்டை மாட்டும் இடத்திலும் பாடி உட்காரும் இடங்களிலும் மெல்லத் தட்டினார். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். உள்ளே அரித்துப்போன இரும்பு ‘டப்’ என்று செத்த சத்தம் தரும். “கேக்குதா பாப்பா? இந்தச் சத்தம் வந்தா, எவ்வளவு சலுகையா கொடுத்தாலும் வாங்காத” என்றார்.

அடுத்து முன் சக்கரத்தின் பின்னால் இருக்கும் உருண்டை, அதாவது நக்கிள். அதன் மேல் கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கஞ்சிபோல வழிந்திருந்தால் உள்ளே ஆக்ஸில் சீல் போய்விட்டது என்று பொருள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங்கையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். ஓடும்போது ஸ்டியரிங் திடீரென்று நடுங்குவதற்குப் பெரும்பாலும் இவையும் டை ராடு முனைகளும்தான் காரணம். புது ஸ்டியரிங் டாம்பர் மாட்டி நடுக்கத்தை அடக்கி விற்பதும் நடக்கிறது. டாம்பர் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, 4 வீல் டிரைவை மண் தரையில் போட்டுப் பாருங்கள். தார் ரோட்டில் வேண்டாம். ஜிப்ஸியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போகும். மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். தாரில் சறுக்க முடியாது, முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். அதே சமயம், மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் 4 வீல் போட்டு ஓட்டுவது நல்லது. சும்மாவே கிடந்தால் முன் அச்சின் சீல்கள் காய்ந்துபோகும்.

ஐந்து இடத்தில் ஆயில்

காருக்கு ஆயில் மாற்றினேன் என்றால் இன்ஜின் ஆயில் என்று அர்த்தம். ஜிப்ஸியில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் என்று ஐந்து இடங்கள். பழைய வண்டி கைக்கு வந்ததும் ஐந்தையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடுங்கள். முந்தையவர் எப்போது மாற்றினார் என்ற கேள்வியே அதோடு முடிந்துவிடும்.

அதில் மறக்கக் கூடாத விதி ஒன்று: ஆயிலை இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வருஷக்கணக்கில் திறக்காத போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழே ஆயிலை இறக்கிய பிறகு மேலே திறக்க முடியாவிட்டால், ஆயில் இல்லாத வண்டி மலையில் அப்படியே நிற்கும். அசையாத போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இறங்கும் ஆயிலையும் கவனியுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் எப்படிப் போகும்? ஓடிச் சூடான அச்சுக்குள் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அதே சூட்டோடு ஓடையில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகவும் அச்சின் மேலுள்ள மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து மிகவும் மலிவு. மூச்சுக்குழாயில் பெட்ரோல் ஹோஸ் ஒன்றை மாட்டி இன்ஜின் அறையில் உயரமாகக் கட்டிவிட்டால் போதும். நான் செய்த முதல் மாற்றம் இதுதான். வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் மழைக்காலம் முழுக்க அச்சைக் காப்பாற்றுகிறது.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

பட்டிவீரன்பட்டி வழியாகச் சமவெளிக்கு இறங்கும்போது பிரேக்கின் அருமை தெரியும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் அந்த ஈரம் ஆவியாகும். ஆவியை அமுக்கிவிடலாம் என்பதால் பெடல் பஞ்சாகிவிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி வர வேண்டும்.

பிரேக்கில் காற்று எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். என் தம்பி சீட்டில் உட்கார்ந்துகொள்வான். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் பின்பக்கத்திலிருந்து தொடங்குவோம். நிப்பிளில் கண்ணாடிபோலத் தெரியும் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் விடுவேன். “அமுக்குடா… அப்படியே புடி.” அவன் அமுக்கிப் பிடித்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். கறுத்த ஆயிலும் குமிழிகளும் டியூபில் ஓடும். “அக்கா, கால் தரையத் தொட்டுருச்சு.” நிப்பிளை மூடிய பிறகுதான் “விடு” என்பேன். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே போய்விடும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். நடுநடுவே மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் மேல் சொட்டுப் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சமதளம், சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் ஆகிய மூன்றும் இருந்தால்தான் நான் அடியில் போவேன்.

கிரீஸ் கன்னும் ஒரு நோட்டும்

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களிலும் ஸ்லிப் ஜாயின்ட்டிலும் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று தேடுங்கள். நிப்பிளைத் துடைத்துவிட்டுக் கன்னை வைத்து அடியுங்கள். பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடித்தால்தான் உள்ளே போன சேறும் வெளியே வரும். ஷாஃப்ட்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். அதே இடத்தில் மாட்டாவிட்டால் வண்டி அதிரும். பட்டை வேலை பார்த்த பிறகு யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். பட்டை படிந்ததும் அவை தளரும்.

கருவிகளில் பகட்டு தேவையில்லை. 10, 12, 14, 17, 19 எம்.எம். ரிங் ஸ்பேனர்கள், கிரீஸ் கன், மல்டிமீட்டர், டார்க் ரென்ச் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கூடவே ஒரு நோட்டு. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பாகம், விலை என்று நான் எழுதி வைக்கிறேன். எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்று மெக்கானிக் கேட்கும்போது அந்த நோட்டுதான் பதில் சொல்கிறது.

பெரிய டயரின் கணக்கு

இப்போது டயருக்கு வருவோம். கிங்கில் வந்த அளவு 205/70 ஆர்15, அதன் விட்டம் சுமார் 668 மி.மீ. பலர் ஆசைப்படும் 235/75 ஆர்15-ன் விட்டம் சுமார் 733 மி.மீ. அச்சுக்குக் கீழே கிடைக்கும் கூடுதல் உயரம் இந்த வித்தியாசத்தில் பாதிதான், சுமார் 3.3 செ.மீ. அந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரம் 10 சதவீதம் பெரிதாவதால் எல்லா கியரும் அதே அளவு பலம் இழக்கும். ஏற்றத்தில் இன்ஜின் திணறும், கிளட்ச் தேயும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66-ல் போவீர்கள். அதே பிரேக் கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். கிங்பின் பேரிங் சீக்கிரம் தேயும். வண்டியைத் தூக்கினாலும் இதே கதைதான். ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டியரிங் ராடு, பிரேக் ஹோஸின் நீளம் என்று ஒவ்வொன்றாகச் செலவு கிளம்பும்.

நான் அதே அளவில், ஆல் டெரெய்ன் பட்டன் உள்ள டயர் போட்டேன். சேற்றுப் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குகிறேன். டயர் பரந்து படிந்து மண்ணை நன்றாகப் பிடிக்கிறது. தார் வந்ததும் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரால் நிரப்பிவிடுகிறேன். குறைந்த காற்றோடு தாரில் வேகமாகப் போனால் டயர் சூடாகிக் கிழியும்.

செய்ய வேண்டிய மாற்றங்கள்

ஹெட்லைட் மங்கல் என்றால் உடனே அதிக வாட் பல்பு வாங்காதீர்கள். எங்கள் வண்டியில் பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்தது, பல்பு முனையில் 11-ஐ ஒட்டித்தான் வந்தது. மீதியைப் பழைய வயரும் சுவிட்சும் தின்றுகொண்டிருந்தன. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக வயர் இழுத்து, ரிலே வைத்ததும் அதே 60/55 வாட் பல்பு புதிதுபோல எரிந்தது.

இழுத்து மீட்கும் கொக்கிகளைச் சேசிஸில் தரமான போல்ட்டால் மாட்டுங்கள். பம்பரில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அறுந்தாலும் பாய்ந்து வராமல் கீழே விழ அது உதவும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். மழை முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடிப்பதும் என் கணக்கில் அப்கிரேடுதான்.

சட்டமும் காடும்

பதினெட்டு முடியாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோர் மேலும் வண்டி உரிமையாளர் மேலும் பாயும். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பதிவும் 12 மாதம் ரத்து. வயது வருவதற்கு முன் ஓட்டாதீர்கள். அதுவரை அடியில் படுத்து வேலை பழகலாம், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. முன்பக்க புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோகும்போதும், இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் இதெல்லாம் முன்னால் வந்து நிற்கும்.

பழனி மலையின் கணிசமான பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் இறங்குவது குற்றம். புல்வெளியில் சக்கரம் கிழித்த தடத்தில் அடுத்த மழைக்கே நீர் ஓடி மண்ணை அரிக்கும். ஓடையில் வண்டி கழுவினால் ஆயிலும் கிரீஸும் கீழே குடிக்கும் ஊருக்குப் போகும். இந்த மலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இதைக் கெடுத்துக்கொண்டு ஓட்டுவதில் எந்த வீரமும் இல்லை.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும். அடுத்து ஐந்து ஆயில்கள், ஹோஸ்கள், சீல்கள். மூன்றாவது, நல்ல டயர்: பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே அது செல்லாது, சேற்றில் அதற்கு வெகுமுன்பே கைவிட்டுவிடும். நான்காவது, மீட்புக் கொக்கி, கயிறு, கம்ப்ரஸர். இவ்வளவும் முடித்துவிட்டு ஒரு மழைக்காலம் ஓட்டுங்கள். அதன்பிறகும் உங்கள் பாதை எங்கே உங்களைத் தடுக்கிறதோ, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மாற்றம் செய்யுங்கள். மற்றவர் வண்டியில் இருப்பது அவர் பாதைக்கானது. உங்கள் பாதையை ஓட்டி அறிந்தவர் நீங்கள்தான், எதை மாற்றுவது என்ற முடிவும் அந்த அறிவிலிருந்தே வர வேண்டும்.