பெட்டியின் அடியில் கிடந்த சீட்டு

பிஸ்டனின் ஸ்கர்ட்டில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன். நகம் சிக்கியது. வெள்ளி நிறத்தில் நெடுக்காக நாலைந்து கோடுகள், யாரோ அரம் கொண்டு ராவியதைப் போல. புத்தம் புதிய ஃபோர்ஜ்டு பிஸ்டன். அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, சுங்க வரி கட்டி, கைக்கு வரும்போது செட் 60,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஓடியது 340 கிலோமீட்டர்.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஆறவில்லை. உங்களிடமும் என்னைப்போல ஒரு பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் நிற்கும், அதில் சின்னதாக ஒரு டர்போ ஏறியிருக்கும், கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிறாவது மனம்விட்டு ஓட்டவேண்டும் என்ற ஆசையும் இருக்கும். அந்த ஆசை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபோர்ஜ்டு எதற்கு என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் என் மச்சான் இன்றுவரை அதை விடவில்லை. "செம்பியத்துல 1949-லேர்ந்து பிஸ்டன் பண்றாங்க. நம்மூர் பிஸ்டன் போட்டிருந்தா இந்தச் செலவு உண்டா மாப்ள?" என்பார். இந்தியா பிஸ்டன்ஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. லாரிக்கும் டிராக்டருக்கும் அன்றாடம் ஓடும் காருக்கும் வார்ப்புப் பிஸ்டன் போதும், அதுதான் சரியும்கூட. ஆனால் என் காரில் கம்பெனி பிஸ்டன்தான் முதலில் உடைந்தது. டர்போ அழுத்தத்தில் ஒரு நாள் நாக்கிங் ஏற்பட்டு, மூன்றாவது சிலிண்டரில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள விளிம்பு பிறைநிலா வடிவில் பெயர்ந்து வந்தது. உருக்கி வார்த்த அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம். தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் அடி விழுந்தால் பீங்கான்போல உடையும். சூடேற்றிய உலோகத் துண்டை அச்சில் வைத்துப் பெரும் அழுத்தத்தில் அமுக்கிச் செய்வது ஃபோர்ஜ்டு. அதில் வார்ப்பில் விழும் நுண்துளைகள் இல்லை. அடி விழுந்தால் நசுங்குமே தவிர சட்டென்று பெயராது. மச்சானுக்கு இதுதான் பதில்.

ஃபோர்ஜ்டிலும் இரண்டு வகை. 4032 என்ற கலவையில் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம். சூட்டில் குறைவாக விரியும், சத்தம் போடாது. 2618 கலவையில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, செம்பும் மெக்னீசியமும் நிக்கலும் உண்டு. டர்போவுக்கும் நாக்கிங்குக்கும் அதுதான் தாங்கும், ஆனால் அதிகமாக விரியும். நான் 2618 எடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அது விரியும் என்பதும் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். எவ்வளவு என்பதைத்தான் விட்டுவிட்டேன்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஓர் ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுத்தேன். "கப்பல்ல வருதுங்க" என்று மூன்று மாதம் சொன்னார். வந்தது டி16 எஞ்சினுக்கான பிஸ்டன். அதுவும் 75 மி.மீ. போர்தான், ஆனால் அதன் ஸ்ட்ரோக் 90, நம் 1,493 சி.சி. எஞ்சினின் ஸ்ட்ரோக் 84.5. கனெக்டிங் ராடின் நீளமும் வேறு. போர் ஒன்றுதானே என்று போட்டுவிட முடியாது. கட்ஜன் பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம் நம் எஞ்சினுக்குப் பொருந்துகிறதா என்று கணக்குப் போட்டாக வேண்டும். அவர் போடவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பிறகு நானே நேராக ஆர்டர் கொடுத்தேன். போர், ஸ்ட்ரோக், ராடு நீளம், பின் விட்டம், ஹெட் அறையின் கொள்ளளவு, டர்போ அழுத்தம் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். ஹெட்டைக் கவிழ்த்துவைத்து பியூரெட்டால் அளந்து அனுப்பினேன். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பிஸ்டன் விற்பவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று, கம்பெனி ராடில் பின் இறுக்கி அடித்திருக்கும். ஃபோர்ஜ்டு செட்டோடு வருவது இருபுறமும் லாக் போட்டு நிறுத்தும் மிதக்கும் பின். ராடு கண்ணில் புஷ் போட வேண்டும், இல்லையென்றால் ராடும் சேர்த்து வாங்க வேண்டும். நான் ராடும் வாங்கினேன்.

இனி, அந்தத் தவறு.

2019-இல் ஆயுத பூசைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. பூசையன்று பட்டறை வாசலில் வண்டி ஓடுகிற நிலையில் நிற்கவேண்டும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தவேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். கணபதிப் பக்கம் போரிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் பிளாக்கைக் கொடுத்திருந்தேன். 75 மி.மீ. போரை 75.5-க்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக்கி வைத்திருந்தார். பிஸ்டன் வந்ததும் ஹோனிங்கில் கடைசி அளவைப் பிடிக்க வேண்டும். "கேப் எவ்வளவு வைக்கட்டும் தம்பி?" என்று கேட்டார்.

ஹோண்டா சர்வீஸ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.01 முதல் 0.04 மி.மீ. வரை என்று அதில் தெளிவாக இருந்தது. அவர் 0.03 பிடித்தார். பிஸ்டனுக்கு எண்ணெய் தடவி, ரிங் இல்லாமல் உள்ளே இறக்கிக் காட்டினார். உள்ளங்கையில் பாரம் தெரியாமல், காற்று அமுங்கி அமுங்கி அது மெதுவாக இறங்கிய அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாத்தீங்களா, சிக்குனு எறங்குது" என்றார். நானும் பூரித்துப்போனேன்.

அந்தப் பெட்டியின் அடியில், குமிழி உறைக்குக் கீழே, இரண்டாக மடித்த ஒரு சீட்டு கிடந்திருக்கிறது. அதில் இந்தப் பிஸ்டனுக்கு, டர்போ எஞ்சினில், குறைந்தபட்ச இடைவெளி 0.0035 அங்குலம் என்று அச்சடித்திருந்தது. பட்டறைப் பேச்சில் மூன்றரை தௌ. மி.மீ. கணக்கில் 0.089. நாங்கள் வைத்தது 0.03. வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு.

சர்வீஸ் புத்தகம் பொய் சொல்லவில்லை. அது ஹோண்டா போட்ட வார்ப்புப் பிஸ்டனுக்கான அளவு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 2618 அதிலும் தாராளமாக விரியும். லைனர் விரிவதற்குள் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துவிடும். பிஸ்டனை மாற்றியவன் அளவையும் மாற்றியிருக்க வேண்டும். பழைய புத்தகத்தின் அளவைப் புதுப் பிஸ்டனுக்குக் கொடுத்தேன்.

பூசையன்று எஞ்சின் முதல் அடியிலேயே எடுத்தது. சத்தமே இல்லை. பொரி கடலையை வாயில் போட்டுக்கொண்டே எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள். "ஃபோர்ஜ்டுன்னா சத்தம் வரும்பாங்க, இது பட்டாட்டம் ஓடுதே" என்றார் ஒருவர். அந்த அமைதியைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

340-ஆவது கிலோமீட்டர், நீலம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸ். முதன்முறையாக டர்போ அழுத்தத்தை முழுசாக ஏற்றினேன். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கால் ஆக்சிலேட்டரில், வேகம் இறங்குகிறது. கிளட்சை மிதித்தேன், எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தபோது கருகிய எண்ணெய் வாடை. அரை மணி நேரம் ஆறிய பிறகு மறுபடி எடுத்தது. அதுதான் சீஸ் ஆனதன் அடையாளம், ஆறினால் விட்டுவிடும். அப்படி எடுத்தால் தயவுசெய்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். நான் வேன் வைத்து இழுத்து வந்தேன், அதனால்தான் கிராங்க் பிழைத்தது.

பிரித்துப் பார்த்ததில் இரண்டு சிலிண்டர் சுவர்களில் ஆழமான கீறல். 75.5-இல் ஹோன் போட்டு எடுக்கமுடியாத ஆழம். ஒன்றைப் பெரிதாக்கினால் நான்கையும் பெரிதாக்க வேண்டும். 76 மி.மீ. புது செட். நன்றாக இருந்த மற்ற இரண்டு பிஸ்டனும் வீண்.

பட்டறை அண்ணன் ஊரெல்லாம், "அந்தத் தம்பி குடுத்த அளவுக்குத்தான் போட்டேன்" என்று சொல்லி வருவதாகக் கேள்வி. உண்மைதான். அளவு நான் கொடுத்தது, சீட்டைப் படிக்காததும் நான்தான். ஆனால் முப்பது வருடம் போரிங் போட்ட கை அவருடையது. பெட்டி அவர் மேசையில்தான் இருந்தது. ஃபோர்ஜ்டு வேறு மாதிரி விரியும் என்று தெரிந்திருந்தால், "இது கம்பெனி பிஸ்டனுக்கான அளவாச்சே தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்த வேலையை எடுத்திருக்கக் கூடாது. கூலியில் ஒரு ரூபாயும் அவர் குறைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது செட்டை 2020 பிப்ரவரியில் ஆர்டர் செய்தேன். மார்ச்சில் ஊரடங்கு. ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை பிளாக்குக்கு எண்ணெய் பூசித் துணி சுற்றி வைத்திருந்தேன். இந்த முறை பெட்டியைத் திறந்ததும் முதலில் சீட்டைத்தான் எடுத்தேன். நான்கு நகல் எடுத்து, ஒன்றை பிளாக்கிலேயே ஒட்டினேன்.

பட்டறையையும் மாற்றினேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: டயல் போர் கேஜ் இல்லாத இடத்தில், வெறும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து அளவு சொல்பவரிடம் ஃபோர்ஜ்டு வேலையைக் கொடுக்காதீர்கள். பிஸ்டன் உருளை அல்ல. பின் இருக்கும் பக்கம் ஒடுங்கி, குறுக்கே அகன்று, மேலே சிறுத்து, ஸ்கர்ட்டில் பருத்து இருக்கும். கீழ் விளிம்பிலிருந்து எந்த உயரத்தில், பின்னுக்குச் செங்குத்தாக எங்கே மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும் என்று சீட்டிலேயே படம் போட்டிருக்கிறது. வேறு இடத்தில் அளந்தால் வேறு எண்தான் வரும். பிளாக்கையும் பிஸ்டனையும் முந்தின இரவே ஒரே அறையில் வைத்துவிட்டு, விடியற்காலையில் அளந்தார்கள். ஹெட் மாட்டியதுபோலவே டார்க் பிளேட்டை முறுக்கிவிட்டுத்தான் ஹோன் போட்டார்கள். நம் பிளாக் அலுமினியம், மேற்புறம் திறந்த அமைப்பு. ஹெட் போல்ட் முறுக்கும்போது லைனர் வட்டம் கொஞ்சம் நெளியும். ரிங் முனை இடைவெளியையும் சீட்டில் உள்ளபடி அரத்தால் ராவித்தான் போட்டார்கள், கம்பெனி ரிங்போல அப்படியே மாட்டவில்லை. கடைசி இடைவெளி 0.09 மி.மீ.

அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது. டர்போ அழுத்தம் அதேதான், பைபாஸும் அதேதான்.

காலையில் முதலில் எடுக்கும்போது மட்டும் 'டக் டக் டக்' என்று அடிக்கும். தளர்வாக இருக்கும் பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம். மச்சான் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மார்கழி விடியலில் அதைக் கேட்டு, "எஞ்சின் போச்சு மாப்ள, மறுபடியும் எறக்கணும்" என்று பதறினார். காப்பியைக் கையில் கொடுத்து நிற்கச் சொன்னேன். சூட்டு முள் கால்வாசி ஏறியது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, டம்ளர் காலியாவதற்குள் நின்றுவிட்டது.