இரண்டாவது பிரேக்



பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நீங்கள் தவறினால் நான் மிதித்துவிடுவேன். லைசென்ஸ் கைக்கு வந்தபின் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், மனசில் வையுங்கள்.

1. சுற்றிப் பார்க்காமல் வண்டியில் ஏறாதீர்கள். டயர், லைட், கண்ணாடி எல்லாம் பாருங்கள். ஏர் பிரேக் வண்டியானால் காற்று முழுசாக ஏறும்வரை நகர்த்தாதீர்கள். ஒரு மத்தியானம் பின்சக்கர நிழலில் குழந்தை ஒன்று உட்கார்ந்து மிட்டாய்த் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தது. சுற்றி வந்ததால்தான் கண்ணில் பட்டது.

2. இடைவெளி விடுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு பஸ் நீளத்துக்கு மேல் போய்விடுவீர்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக மூன்று நொடி எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கம்பம் வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் இன்னும் கூட்டுங்கள்.

3. மலையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொல்லிமலைப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பிரேக்கையே நம்பினால் தாங்காது. மலை ரூட்டுக்குப் புதுசாக வந்தபோது, டீசல் மிச்சமாகுமென்று ஓர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். நாலாவது வளைவில் பிரேக் லைனிங் கருகும் வாடை. மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. மண்மேட்டில் அணைத்துத்தான் நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. இறங்கும்போது ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்; சட்டமும் அதையே சொல்கிறது.

4. கற்ற வித்தையைச் சாலையில் காட்டாதீர்கள். நார்வேயில் 1979-ல் வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடம் விபத்து கூடியிருந்தது. ‘சறுக்கினாலும் சமாளிப்பேன்’ என்ற துணிச்சல்தான் வினை. அதன்பின் பாடத்தை மாற்றி, சறுக்கும் நிலைக்கே போகாமலிருக்கப் பழக்கினார்கள். நல்ல டிரைவருக்குத் திடீர் பிரேக் போடும் வேலை எப்போதாவதுதான் வரும்.

5. தூக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் போட்டது சும்மா இல்லை. கண் செருகினால் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிஷம் தூங்குங்கள். டீயும் பாட்டும் தூக்கத்துக்கு ஈடாகாது.

6. ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள். அவசரமென்றால் நிறுத்திப் பேசுங்கள்.

7. பழைய டிரைவர் ஆனபிறகும் பயிற்சிக்குப் போங்கள். பழகப் பழகக் கை படியும், கூடவே கோளாறும் ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷ அனுபவத்தோடு ஒரு மறுபயிற்சிக்குப் போனேன். என்னைவிட இளையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, அரை மணி நேரமா இடது கண்ணாடியைப் பார்க்கவே இல்லையே” என்றார். முகம் சுருங்கியது. ஆனால் அன்றிலிருந்து திரும்புமுன் அந்தக் கண்ணாடியில்தான் முதலில் கண் போகும். பஸ்ஸுக்கு இடதுபக்கம்தானே சைக்கிள்காரரும் பள்ளிப்பிள்ளையும் வருகிறார்கள்?

பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல ஓட்டுங்கள். இரண்டாவது பிரேக் இனி உங்கள் நிதானம்தான். போய் வாருங்கள்.