கேம் திணறுகிறதா? ஃபார்மட் போடும் முன் கார்டைப் பாருங்கள்
லேப்டாப் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ, தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக் கடை ஒன்றிலோ லேப்டாப் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? இந்தப் புகார் சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரும்: “அண்ணா, கேமிங் லேப்டாப்னு சொல்லித்தான் வாங்கினோம். கேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது.” பக்கத்தில் அப்பா நிற்பார். லேப்டாப்புக்கு மாதத் தவணை இன்னும் முடிந்திருக்காது.

உடனே ஃபார்மட் போடுவதும், ரேம் கூட்டச் சொல்வதும் சிலருக்குப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். பல நேரங்களில் எந்தப் பாகத்திலும் பழுது இருக்காது. கேம் தவறான கிராபிக்ஸ் கார்டில் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதை நிரூபித்துக் காட்டத் தெரிந்தவரைத் தேடித்தான் வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

ஏன் இப்படி ஆகிறது?

பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் ஒன்று. தனியாகப் பொருத்திய என்விடியா அல்லது ஏஎம்டி கார்டு இன்னொன்று. முதலாவது பேட்டரியை மிச்சப்படுத்தும். இரண்டாவது வேகமானது, மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும். 2010 பிப்ரவரியில் என்விடியா நிறுவனம் ‘ஆப்டிமஸ்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தேவைப்படும்போது மட்டும் தனிக் கார்டு இயங்கும். அது வரைந்த படம் உள் கிராபிக்ஸ் வழியாகத் திரைக்குப் போகும். எந்தப் புரோகிராமுக்கு எந்தக் கார்டு என்பதை விண்டோஸும் டிரைவரும் முடிவு செய்கின்றன. அந்த முடிவு தவறினால் விலை உயர்ந்த கார்டு சும்மா கிடக்கும், சின்னது மூச்சுத் திணறும்.

முதலில் நிரூபணம்

கேமை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘ஜிபியு 0’, ‘ஜிபியு 1’ என்று வழக்கமாக இரண்டு வரைபடங்கள் இருக்கும். எண்ணை நம்பாமல் பெயரைப் படியுங்கள். இன்டெல் 95 சதவீதத்தைத் தாண்டி, என்விடியா சுழியத்தில் படுத்திருந்தால் நோய் தெரிந்துவிட்டது. பிராசஸஸ் பக்கத்தில் ‘ஜிபியு எஞ்சின்’ என்ற பத்தியைச் சேர்த்தால், அந்த கேமுக்கு நேரே ஜிபியு எண் எழுதியிருக்கும். அந்த எண் எந்தக் கார்டு என்பதை பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களில் ஏமாறாதீர்கள். தனிக் கார்டு சரியாக ஓடும்போதும் உள் கிராபிக்ஸ் கொஞ்சம் வேலை செய்யும். திரைக்குப் படத்தை அனுப்புவது அதுதானே. கேமின் செட்டிங்ஸில் இன்டெல் பெயர் தெரிவதும் சாட்சி ஆகாது. திரை இணைந்திருக்கும் கார்டைச் சில கேம்கள் காட்டும்.

சரிசெய்யும் வரிசை

1. சார்ஜரைச் செருகுங்கள். லேப்டாப்போடு வந்த சார்ஜர்தானா என்று பாருங்கள். பேட்டரியிலோ குறைந்த வாட் சார்ஜரிலோ ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

2. கம்பெனி மென்பொருளைத் திறங்கள். ஏசஸ் லேப்டாப்பில் ஆர்மரி கிரேட்டில் ‘ஈகோ’, லெனோவா லீஜியனில் ‘உள் கிராபிக்ஸ் மட்டும்’ என்பது போன்ற நிலைகள் தனிக் கார்டையே அணைத்துவிடும். வாடிக்கையாளர் பேட்டரிக்காக என்றோ தட்டியிருப்பார், பிறகு மறந்திருப்பார்.

3. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போங்கள். கேமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். 2018-இல் வந்த விண்டோஸ் 10 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஒன்றும் இங்கே வேறொன்றும் இருந்தால், இப்போதைய விண்டோஸில் இங்கே இருப்பதுதான் செல்லும்.

4. சரியான ஃபைலைச் சேருங்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். லாஞ்சரைச் சேர்த்துப் பயனில்லை, கேமை உண்மையில் ஓட்டும் ஃபைல் வேறு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை ஓட்டுவது ‘ஜாவாடபிள்யூ’ என்ற ஃபைல். வேலரன்டை ஓட்டுவது உள் ஃபோல்டரில் ‘ஷிப்பிங்’ என்று பெயர் முடியும் ஃபைல். டாஸ்க் மேனேஜரில் கேம் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் அது இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகும்.

5. டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். எஸ்எஸ்டி மாற்றிப் புதிதாக விண்டோஸ் போட்ட லேப்டாப்பில் இது சகஜம். இரண்டு கிராபிக்ஸுக்கும் டிரைவர் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: இன்டெல்லை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்வது. ஆப்டிமஸ் லேப்டாப்பில் திரைக்குப் போகும் வழியே அதுதான். அதை அடைத்தால் தனிக் கார்டு தானாக அந்த இடத்துக்கு வராது. மக்ஸ் சுவிட்ச் உள்ள லேப்டாப்பில் மட்டும் தனிக் கார்டைத் திரையோடு நேரடியாக இணைக்கலாம். அதையும் பெரும்பாலும் பயாஸிலோ கம்பெனி மென்பொருளிலோ மாற்ற வேண்டும்.

தனிக் கார்டு முழு மூச்சில் ஓடியும் கேம் திணறுகிறதா? அப்போது வெப்பநிலையைப் பாருங்கள். சென்னையின் மே மாதத்தில் ஃபேனில் தூசி அடைத்த லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேன் சுத்தம், தெர்மல் பேஸ்ட் என்ற பேச்சை அங்கே எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

பில் போடும்போது

இந்த வேலைக்குக் கூலி வாங்குவதில் தவறே இல்லை. நோயறிந்ததற்கான கூலி அது. ஆனால் செட்டிங் மாற்றிவிட்டு ‘கார்டு ரிப்பேர்’ என்று எழுதாதீர்கள். முன்னும் பின்னும் எடுத்த டாஸ்க் மேனேஜர் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “பழுது இல்லை, கிராபிக்ஸ் தேர்வு மாற்றப்பட்டது” என்று ஜாப் ஷீட்டில் தெளிவாக எழுதுங்கள். இன்னொரு கேம் போட்டால் என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளைக்கே காட்டிக்கொடுங்கள்.

கோடம்பாக்கம், வடபழனியில் வீடியோ எடிட்டிங், அனிமேஷன் செய்பவர்களின் லேப்டாப்பும் இதே காரணத்தால் திணறும். இந்தச் சோதனையை மேசையில் பழக்கமாக்கிக்கொண்டால், அந்த வாடிக்கையாளர்களையும் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு லேப்டாப் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும். ஃபார்மட் இல்லாமல் அன்றே திருப்பித் தருபவரின் எண்ணை அவர்கள் பத்துப் பேருக்குச் சொல்வார்கள்.