கடைக்கும் வீட்டுக்கும் துப்பாக்கி: எந்தத் தோட்டா?



மிளகாய் வத்தலும் மல்லியும் வரத்தாகும் காலத்தில் பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நம் கையில் ரொக்கம் கூடுதலாகப் புழங்கும். கீழே கடை, மேலே வீடு என்று குடியிருப்பவர்களும் நம்மில் பலர். அப்போது இளைய வணிகர்கள் நம்மிடம் கேட்பது, "அண்ணாச்சி, லைசென்ஸ் எடுத்து ஒரு ரைபிள் வாங்கி வைக்கலாமா? அதுக்கு எந்தத் தோட்டா நல்லது?" என்பதுதான். இதைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். நம் மாவட்டத்தில் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறை விசாரித்து அறிக்கை கொடுக்கும். 2019 திருத்தத்தின்படி ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமக் காலம் 5 ஆண்டு. ராணுவ ரகமான .303 தனியாருக்குத் தடை. .315 ரைபிள், 12 போர் துப்பாக்கி, .32 ரிவால்வர் ஆகியவையே பொதுவாகக் கிடைப்பவை. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை உரிமப் புத்தகத்திலேயே குறித்திருப்பார்கள்.

இனி தோட்டா. .315 ரைபிள் குண்டு 8 மி.மீ. விட்டம் கொண்டது. கிலோமீட்டர் கணக்கில் பாயக்கூடியது. மரக்கதவும் தகர ஷட்டரும் அதற்குத் தடையே அல்ல. ஒற்றைச் செங்கல் சுவரையும் நம்ப முடியாது. சிறியதென்று நினைக்கும் .22 குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் போகும். நம் பஜார் வீடுகளுக்கோ பொதுச்சுவர். குறி தவறினால் அடுத்த வீட்டில் உறங்கும் குழந்தை மேல் படும். ஆகவே எந்த ரைபிள் தோட்டாவும் நம் வீட்டுக்கு ஏற்றதல்ல.

12 போர் என்பது எடைக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 உருண்டையாக்கினால், ஓர் உருண்டை நுழையும் அளவுள்ள குழல். இதன் தோட்டாவுக்குள் ஈய ரவைகள் இருக்கும். எல்.ஜி., எஸ்.ஜி. என்பவை பெரிய ரவை. 4, 6 என்று எண் கூடக்கூட ரவை சிறுத்துக்கொண்டே போகும். சிறு ரவை தூரம் போகப்போக வேகம் குறையும் என்பதால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து குறைவு. ஆனால் ஓர் அறைக்குள் அதுவும் உயிரைக் குடித்துவிடும். பயமுறுத்த மட்டும் என்று எண்ணிச் சுட வேண்டாம்.

துப்பாக்கியைக் குண்டு நீக்கிப் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவை வேறிடத்தில், ஈரமில்லாமல் பூட்ட வேண்டும். உப்பு மூட்டை அடுக்கும் அறையில் வைத்தால் பித்தளை அடிப்பாகம் களிம்பேறிவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் அந்த உரிமை விரிவானது. அப்போதும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது. போலீஸ் உதவி பெற அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனைச் சுட்டுக் கொன்றால், வழக்கு நம்மேல்தான் திரும்பும்.

இன்னொன்று: தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் கடையை எது காக்கும்?

நம் முன்னோர் சரக்கையும் வண்டிமாட்டையும் காக்கப் பேட்டை கட்டினார்கள்; மகமை வசூலித்துப் பொதுச் செலவு செய்தார்கள். ஒருவர் ஆயுதத்தை நம்பாமல் ஊர்க் கட்டுப்பாட்டை நம்பினார்கள். நாமும் அன்றன்றைய ரொக்கத்தை வங்கியில் கட்டுவோம். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, நல்ல பூட்டு, வாசல் விளக்கு, கேமரா, திருட்டுக் காப்பீடு ஆகியவற்றுக்கு முதலில் செலவிடுவோம். தெருவுக்கு ஒரு இரவுக் காவலரைச் சேர்ந்து அமர்த்துவோம். இத்தனையும் செய்த பிறகும் உண்மையான மிரட்டல் இருந்தால் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். போன பணத்தை அடுத்த சீசனில் சம்பாதிக்கலாம். போன உயிரை, நம்முடையதோ பிறருடையதோ, திரும்பப் பெற முடியாது.